செங்கற்பட்டும் சல்போன் மருந்தும்: அளவும் அறிகுறியும் பற்றிய ஒரு வரலாற்றாய்வு

முன்னுரை

சென்னையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் சிங்கப்பெருமாள் கோயில், பரனூர், செங்கற்பட்டு என்னும் மூன்று நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் முதலாவது, குன்றைக் குடைந்து அமைத்த நரசிங்கப் பெருமாள் கோயிலால் பெயர்பெற்ற ஊர். மாமல்லபுரக் கடற்கரையின் குகைக் கோயில்களைக் காணவரும் கலைவரலாற்றார் இதனையும் கண்டு செல்வர். ஆயின், இந்நிலப்பகுதிக்கு வேறொரு வரலாறும் உண்டு. பரனூரில் தொழுநோயால் உறுப்புக் குறைவுற்றோர்க்கென அரசு நடத்தும் மறுவாழ்வு இல்லம் உளது. செங்கற்பட்டை ஒட்டிய திருமணியில் மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் உளது. நஞ்சென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு பொருள் உலகம் முழுவதும் வழங்கும் மருந்தாக மாறியதில் இத்திருமணிக்கும் பங்குண்டு. அவ்வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டு மருந்து விரைவிற் பயன்தரும், ஆயின் பக்க விளைவு உடையது. நாட்டு மருந்து மெல்லப் பயன்தரும், ஆயின் பக்க விளைவு அற்றது என்னும் கருத்து நம்மிடையே பரவலாக வழங்குகின்றது. கற்றோரும் இதனைக் கூறக் கேட்கிறோம். இதற்கு மறுதலையாக, மருத்துவர் எழுதித் தந்த மருந்தாயின் அதனைப் பற்றி நாம் ஏதும் அறிய வேண்டுவதில்லை என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பிழைபட்டன என்பதைச் சல்போன் மருந்தின் வரலாறு தெளிவுறக் காட்டுகின்றது.

நம் நூல்களில் மருந்தும் அளவும்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரம் 95-ஆவதாக அமைந்துள்ளது. அளவு கூடினும் குன்றினும் துன்பமே விளையும் என்னும் கருத்து அதன் தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றது. அதிகாரத்தின் இறுதிக் குறளோ மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து மருந்தூட்டுவோன் என நான்கு உறுப்பாகப் பகுக்கின்றது. மருந்து அந்நான்கனுள் ஒன்றேயாம் என்பது இங்குக் கருதத்தக்கது.

சித்த மருத்துவ மரபும் மருந்தைத் தீங்கற்ற பொருளாகக் கொண்டதன்று. சேங்கொட்டையின் பால் தோலிற் பட்டால் கொப்புளம் எழும். ஆகவே அதனைச் சுத்தி செய்த பின்னரே பயன்படுத்தல் வேண்டும் என்பது அம்மரபின் விதி. அரிசியெடை, குன்றியெடை, பணவெடை என்னும் நுண்ணிய அளவுகளும், அனுபானம், பத்தியம் என்னும் கட்டுப்பாடுகளும் மருந்து கேடு செய்யவும் கூடும் என்னும் அறிவின் பயனாகவே எழுந்தன. ஆதலின், பக்க விளைவற்ற மருந்து என்னும் கருத்து நம் மரபிற்கே புறம்பானது என்று துணிந்து கூறலாம்.

தொழுநோய்க்கு நெடுங்காலம் வழங்கிய மருந்து நீரடிமுத்தெண்ணெய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேனாட்டு மருத்துவரும் இதனையே ஊசி வழியாகச் செலுத்தினர். ஊசியின் நோவு மிகுதி, பயன் உறுதியற்றது. 1940-களில் புதிய மருந்தொன்று தேடப்பட்டமைக்கு இதுவே காரணம்.

ஒதுக்கப்பட்ட பொருள்

டயமினோ டைபினைல் சல்போன் என்னும் பொருளை 1908-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் பிராம், விட்மன் என்னும் வேதியியலார் ஆக்கினர். மருந்தாகும் என்னும் எண்ணம் அவர்க்கு இருந்திலது. பிற்காலத்தில் டாப்சோன் எனப் பெயர்பெற்றது இதுவே. 1937-இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் ஆய்வாளர் இதனை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, சில கிருமிகளை இஃது அழிக்கும் எனக் கண்டனர். அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த சல்பானிலமைடு மருந்தை வழங்கிய அளவிலேயே, அஃதாவது நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு கிராம் வீதம், மனிதர்க்கும் கொடுத்தனர். செவ்வணுக்கள் சிதைந்து குருதிச்சோகை தோன்றியது. ‘மனிதர்க்கு ஆகாத நஞ்சு’ என்று முடிவு கட்டி அப்பொருளை ஒதுக்கினர்.

பின்னர், இதனினின்று ஆக்கிய புரோமின் என்னும் மருந்தை அமெரிக்க நாட்டுக் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பாஜெட் என்பார் 1941 முதல் நரம்பூசி வழியாகச் செலுத்தி, 1943-இல் நற்பயனை அறிவித்தார். ஆயின் நாள்தோறும் நரம்பூசி போடுதல் நம் நாட்டுச் சிற்றூர்களில் இயலாத செயல், விலையும் மிகுதி.

திருமணி ஆய்வு

வில்லிங்டன் பெருமாட்டியின் பெயரால் 1924-இல் நிறுவப்பட்ட தொழுநோய் மருத்துவமனை திருமணியில் இருந்தது. ராபர்ட் காக்கிரேன் அங்கே தலைமை மருத்துவராகப் பணியாற்றினார். பசுக்களின் மடிவீக்க நோய்க்குக் கால்நடை மருத்துவர் சல்போனை வழங்குவதை அறிந்த அவர், மனிதர்க்கும் இதனை ஏற்ற அளவில் கொடுக்கலாகாதா என்று எண்ணினார். எண்ணெயில் கலந்து தோலின்கீழ் ஊசியாகச் செலுத்தும் முறையை 1946-ஐ ஒட்டித் திருமணியில் தொடங்கினார். காக்கிரேன், இராமானுஜம், பால், ரசல் ஆகிய நால்வர் சல்போன் மருந்துகள் பற்றிய தம் இரண்டரை ஆண்டு ஆய்வை 1949-இல் வெளியிட்டனர்.

அதே காலத்தில் நைஜீரியாவின் உசுவாகோலியில் லோ, சுமித் என்போர் அதனை வாய்வழியாகவே கொடுத்தனர். லோ முன்னர் நம் நாட்டில் தொழுநோய்ப் பணி செய்தவர். விலையுயர்ந்த வழிப்பொருள்கள் யாவும் உடலினுள் சிதைந்து மூலப்பொருளாகிய சல்போனாகவே மாறுகின்றன என்றும், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் அளவே போதும் என்றும் அவர்தம் ஆய்வு நிறுவியது. முன்பு நஞ்சாய் முடிந்த அளவில் இது பத்தில் ஒன்று அல்லது இருபதில் ஒன்றாகும்.

இவ்வளவு குறைந்த அளவு எவ்வாறு போதியதாயிற்று? சல்போன் உடலைவிட்டு மெல்லவே நீங்குவது. அதில் பாதி வெளியேற ஒரு நாளுக்கு மேல் ஆகின்றது. தொழுநோய்க் கிருமியோ ஏறத்தாழ இரண்டு வாரத்திற்கு ஒருமுறையே இரட்டிப்பது. விரைவில் வெளியேறும் மருந்துக்கு உரிய அளவை மெல்ல வெளியேறும் மருந்துக்கும் பொருத்தியதே முதற்பிழை. பொருள் மாறவில்லை, அளவே மாறிற்று. நஞ்சு என்பதும் மருந்து என்பதும் பொருளின் பெயர்கள் அல்ல, அளவின் பெயர்கள் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஈண்டு மற்றொன்றும் கூறல் தகும். இவ்வாய்வுக்கு உடல்தந்த நோயாளிகளின் பெயர்கள் மருத்துவ வரலாற்றில் இடம்பெறவில்லை. ஆய்வுக்கு உட்படுவோரின் ஒப்புதல் பற்றிய நியூரம்பர்க் நெறி 1947-இலும், ஹெல்சிங்கி அறிக்கை 1964-இலும் தோன்றின. மருத்துவர் பெயரோடு மருந்தின் புகழை இணைப்பவர், அதன் முதற்கேடுகளைத் தம் உடலில் ஏற்றாரையும் நினைத்தல் கடனாகும்.

அறிகுறிகள் மூவகை

அளவு சரியாயினும் மருந்து சிலர்க்கு ஒவ்வாமற் போகும். டாப்சோன் உண்ணத் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரத்திற்குள் காய்ச்சல், தோலில் தடிப்பு, நெறிகட்டுதல், கண் மஞ்சளாதல் ஆகியன ஒருங்கு தோன்றுதல் உண்டு. 1951-இல் ஆல்டே, பார்னிஸ் என்போர் இதனைத் தனியொரு நோய்த்தொகுதியாகக் குறித்தனர். 2013-இல் சீன ஆய்வாளர் இதற்குரிய மரபணுக் குறி ஒன்றைக் கண்டறிந்தனர். செவ்வணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைந்தவர்க்கு அச்செவ்வணுக்கள் மிகுதியாகச் சிதையும். வெளிறிய முகம், இளைப்பு, உதடு நீலம்பாரித்தல், காய்ச்சலோடு கூடிய தொண்டைப்புண் ஆகியனவும் எச்சரிக்கைக் குறிகளே. இவை தோன்றின், மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்லல் வேண்டும். இது முதல்வகை.

கண்டு அஞ்ச வேண்டாத குறி இரண்டாம் வகை. இன்று டாப்சோனுடன் கொடுக்கப்படும் ரிபாம்பிசின் மருந்தை உண்டபின் சிறுநீர் செந்நிறமாகும்; மருந்தின் நிறமே அது, குருதியன்று. குளோபாசிமின் என்னும் மற்றொரு மருந்தால் தோல் செம்மை கலந்த கருநிறம் அடையும். மருந்து முடிந்தபின் பல மாதங்களில் அந்நிறம் மெல்ல நீங்கும். உடலுக்கு இந்நிறமாற்றம் கேடன்று. வாழ்க்கைக்கோ அங்ஙனம் கூற இயலாது. பெருநோய் என்று பெயரிட்டு அந்நோயுற்றாரை ஊர்ப்புறத்தே நிறுத்திய சமுதாயத்தில், மறைத்திருந்த நோயை முகத்தின் நிறமே அறிவித்துவிடும் என்னும் அச்சம் பொருளற்றதன்று. ‘கேடில்லை’ என்னும் ஒரு சொல்லோடு மருத்துவர் அமையாது, நிறம் மாறும், பின்னர் நீங்கும் என முன்னரே கூறுதல் வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

மூன்றாம் வகையே பெரிதும் பிழைபட உணரப்பட்டது. மருந்துண்ணும் காலத்தில் சிலர்க்குத் திடீரெனத் தழும்புகள் சிவந்து வீங்கும், நரம்பு நோகும், சிவந்த கட்டிகளும் காய்ச்சலும் தோன்றும். உடலின் எதிர்ப்பாற்றல் கிருமிப்பொருளோடு பொருதலால் விளையும் நோயின் எழுச்சியே இது. மருந்தின் தீங்கெனக் கருதி நோயாளி மருந்தை நிறுத்துவாராயின், நரம்பு கெட்டுக் கையும் காலும் உணர்விழக்கும். எழுச்சியை அடக்கப் பிரட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைத் தருவர். அதனைப் படிப்படியாகவே குறைத்தல் வேண்டும். நோவு தணிந்ததென்று திடீரென நிறுத்துதலும், பழைய சீட்டைக் காட்டித் தாமே மீண்டும் வாங்கி உண்ணுதலும் பெருங்கேடு பயக்கும்.

குறைந்த அளவின் கேடு

இப்பிழையுணர்வு நோயாளிகளோடு நின்றதன்று. 1950, 1960-களில் மருத்துவருட் பலரும் இவ்வெழுச்சிக்குச் சல்போனே காரணம் எனக் கருதி அளவை மிகக் குறைத்தனர். சில காலம் நிறுத்தியும் வைத்தனர். அச்சத்தாற் குறைத்த அளவும், ஆண்டுக்கணக்கில் தனியொரு மருந்தையே தந்தமையும், நோயாளிகள் இடையிடையே விட்டுவிட்டு உண்டமையும் சேர்ந்து, மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக வழிசெய்தன. 1964-இல் மலேசியாவின் சுங்கைபூலோவில் பெட்டிட், ரீஸ் என்போர் இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவினர். முன்னர் அளவு மிக்கமையால் நேர்ந்த கேடு, பின்னர் அளவு குன்றியமையால் நேர்ந்தது.

இதற்கு விடைகாணும் முயற்சியிலும் செங்கற்பட்டு இடம்பெற்றது. திருமணி மருத்துவமனையும் சைதாப்பேட்டைக் குழந்தைகள் மருத்துவகமும் இணைந்து 1955-இல் மத்திய நிலையமாயின. 1970-களின் பிற்பகுதியில் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் கூட்டுமருந்து முறைகளை ஒப்பிட்ட ஆய்வு ஆப்பிரிக்காவின் பமாகோவிலும் செங்கற்பட்டிலும் நிகழ்ந்தது. அந்நிறுவனத்தின் ஆய்வுக்குழு 1981-இல் கூட்டுமருந்து முறையை வகுத்தது. இந்தியா 1983-இல் அதனை மேற்கொண்டது.

அம்முறையில் நாள்தோறும் உண்பன வீட்டிலும், மாதம் ஒருமுறை உண்ணும் 600 மில்லிகிராம் ரிபாம்பிசின் முதலியன மருத்துவப் பணியாளர் முன்னிலையிலும் உண்ணப்படல் வேண்டும். அம்மாதச் சந்திப்பில் நோயாளியின் கண், தோல், நரம்பு ஆகியன நோக்கப்படும். வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு இங்கே மருத்துவ முறையாகவே மீண்டது எனலாம்.

சட்டமும் சொல்லும்

மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளை நம் நாட்டு 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள் ‘எச்’ என்னும் அட்டவணையில் தொகுக்கின்றன. 2013-இல் ‘எச்1’ என்னும் கடுமையான அட்டவணையும் சேர்க்கப்பட்டது. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளியே தாம் உற்ற தீங்கை அறிவிக்கலாம். ஆயின் மருந்துறைகளின் மேலுள்ள எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உளது. உண்போர் படிக்க இயலாத எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது.

இங்கேதான் தமிழ் ஆய்வாளர்க்குரிய பணி தொடங்குகின்றது. ‘பக்க விளைவு’, ‘பின்விளைவு’ என்னும் இரண்டையும் வேறுபாடின்றி வழங்குகிறோம். மருந்துண்ணும்போதே தோன்றுவது ஒன்று. நிறுத்தியபின் தோன்றுவது மற்றொன்று. ‘ஒவ்வாமை’ அவ்விரண்டினின்றும் வேறு. நோயின் எழுச்சிக்கோ பொதுமக்கள் அறிந்த தனிச்சொல்லே இல்லை. ஆதலின் அதுவும் பக்க விளைவென்றே எண்ணப்படுகின்றது. சொல் ஒன்று இல்லாமையால் மருந்து நிற்கின்றது. மருந்து நிற்பதால் கை உணர்விழக்கின்றது. கலைச்சொல்லாக்கம் ஏட்டளவில் முடியும் பணியன்று என்பது இதனாற் புலனாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். மருந்தும் நஞ்சும் பிறந்த நாட்டால் வேறுபடுவன அல்ல; அளவாலேயே வேறுபடுகின்றன. அளவு மிகுதலைப் போன்றே குன்றுதலும் கேடாகும். மருந்தின் தீங்கு, மருந்தின் தீங்கற்ற குறி, நோயின் எழுச்சி என்னும் மூன்றையும் பிரித்தறியாதபோது, மருத்துவரும் நோயாளியும் ஒருங்கே பிழை செய்வர். இம்மருந்தினால் எக்குறி தோன்றும், எதற்கு அஞ்ச வேண்டா, எது தோன்றின் உடனே வரவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை, மருந்துச் சீட்டோடு தமிழில் நோயாளியின் கையிற் சேர்தல் வேண்டும். அவ்விடைகளுக்கு ஏற்ற தெளிந்த சொற்களை ஆக்கித் தருதல் மொழித்துறையார் மேற்கொள்ளத்தக்க கடமையாகும்.