புற்றரையும் பந்தயப் பணமும்: கிண்டித் திடலின் வரவு செலவு வரலாறு

குதிரைப் பந்தயத்தின் வரலாறு கூறுவோர் பெரும்பாலும் குதிரைகளின் குலமரபையும், அவற்றை உடையோரின் செல்வச் சிறப்பையும், வெற்றிக் கிண்ணங்களையுமே விரித்துரைப்பர். அக்குதிரைகளின் குளம்புபட்ட நிலம் அவ்வரலாற்றில் இடம்பெறுதல் அரிது. அந்நிலத்தை ஆண்டு முழுவதும் பசுமையாக வைத்திருக்கும் பணம் எவருடைய கையிலிருந்து வந்தது என்னும் வினா அதனினும் அரிதாகவே எழுப்பப்படும். ஆயினும் ஒரு பந்தயக் கழகத்தின் வாழ்வும் வீழ்வும் இவ்விரண்டையுமே பற்றி நிற்பன. சென்னைக் கிண்டித் திடலின் இருநூற்றைம்பது ஆண்டுக் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

கிண்டியிலே 1777ஆம் ஆண்டளவிற் பந்தயம் தொடங்கிற்று என்பது மரபு. கிழக்கிந்தியக் கும்பினியின் சேனையதிகாரிகளும் வணிகரும் தம் பொழுதுபோக்கிற்காக ஓடவிட்ட குதிரைகள் அவை. அக்காலத்தில் திடல் என ஒன்று தனியே பேணப்பட்டிருக்க வேண்டிய தேவை பெரிதாக இருக்கவில்லை. வெட்டவெளியும், நாலு கம்பங்களும், ஒரு நீதியாளரும் போதும். பந்தயம் பொழுதுபோக்கு நிலையினின்றும் நீங்கி, ஒழுங்கான பருவங்களும் நிலையான விதிகளும் உடைய தொழிலாக மாறியபோதே நிலத்தைப் பேணும் செலவும் எழுந்தது. 1896ஆம் ஆண்டிற் சென்னைக் குதிரைப் பந்தயக் கழகம் அமைந்தமை இம்மாற்றத்தின் அடையாளம் எனலாம்.

புற்றரையைப் பேணுதல் எத்துணை நுட்பமான தொழில் என்பதை வெளியிலிருந்து நோக்குவார் எளிதில் உணரார். பந்தயக் குதிரையொன்று ஏறக்குறைய 450 முதல் 500 கிலோகிராம் நிறையுடையது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுவது. பாய்ந்தோடும்போது அதன் உடற்பாரம் முழுவதையும் ஒரு கணம் ஒரே முன்னங்கால் தாங்க நேரிடும். அப்பொழுது அக்கால்மீது விழும் விசை உடல் நிறையின் இரண்டரை மடங்களவு ஆகும் என்பர் கால்நடை மருத்துவர். நிலம் கல்லாய் இறுகிக் கிடந்தால் எலும்பு முறியும். சேறாய் நெகிழ்ந்தால் தசைநார் அறும். ஓரிடம் இறுகி மற்றோரிடம் நெகிழ்ந்திருத்தல் இவ்விரண்டினும் கொடிது. கால் முறிந்த குதிரைக்குப் பெரும்பாலும் மருந்து இல்லை. சுட்டுக் கொல்லுதலோ ஊசியேற்றிக் கொல்லுதலோதான் முடிவு. அதன்மேல் இருந்த சவாரிக்காரனின் உயிருக்கும் அப்பொழுது உறுதியில்லை. ஆதலின் புற்றரை அழகுக்காக வளர்க்கப்படுவதன்று.

வெப்ப நாடுகளின் திடல்களிற் பெரிதும் பயன்படுவது அறுகினத்துப் புல். மணமக்களை வாழ்த்துவோர் அறுகுபோல் வேரூன்றுக என்பது வெறும் உபசாரமன்று. நிலத்தின்மேற் படர்ந்தோடியும், கணுத்தோறும் வேர்விட்டும், நிலத்தின் கீழும் தண்டு பரப்பியும், குளம்பு கிழித்த இடத்தைத் தானே மூடிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. எனினும் அதற்கும் காலம் வேண்டும். ஒவ்வொரு பந்தயத்தின் பின்னும் கூலியாட்கள் வரிசையாய் நடந்து, பெயர்ந்த புற்கட்டிகளை மிதித்து அமர்த்துவர். குழிகளை மணலும் மண்ணும் இட்டு நிரப்புவர். உள்வேலியை அடிக்கடி இடம்பெயர்த்து வைப்பதும் ஓர் உபாயம். குதிரைகள் யாவும் குறுகிய உள்வழியையே நாடுமாதலால், வேலி பெயர்ந்தாலன்றி அவ்விடத்துப் புல் பிழைக்காது. பின்னர் நீர் பாய்ச்சல், புல் வெட்டல், உரமிடல், இறுகிய மண்ணைத் துளைத்துக் காற்றூட்டல் எனத் தொழில் தொடரும். சென்னையிலோ ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். சித்திரை வைகாசியில் நிலம் வெடிக்கும். ஒரே திடல் ஆறு மாதத்துள் வெள்ளத்தை வடிக்கவும் வேண்டும், வறட்சியைத் தாங்கவும் வேண்டும். கோடையிற் பந்தயம் உதகமண்டலத்துக்கு மாறிச் சென்றது குளிர்ச்சியை நாடிய ஆங்கிலேயரின் வழக்கத்தாலே; ஆயினும் அதனாற் கிண்டிப் புல்லுக்கும் ஓய்வு கிடைத்தது.

இங்கேதான் கணக்கின் சிக்கல் தோன்றுகின்றது. புல்லுக்குச் செலவு நாள்தோறும் உண்டு. கழகத்துக்கு வருவாயோ பெரும்பாலும் பந்தய நாளில் மட்டுமே உண்டு. நுழைவுக் கட்டணமும் உறுப்பினர் சந்தாவும் குதிரை இலாய வாடகையும் ஒருபோதும் போதியன அல்ல. பந்தயம் கட்டுவோரின் பணத்திலிருந்து ஒரு பங்கு கழகத்தின் கைக்கு வந்தாலன்றித் திடல் நிலைக்காது. அப்பங்கைப் பெறும் வழியைக் கண்டவர் பாரிசு நகரத்து யோசேப்பு ஒலர் என்பவர். பந்தயப் பணம் முழுவதையும் ஒரே நிதியாகத் திரட்டி, நடத்துவோர் பங்கைக் கழித்து, எஞ்சியதை வென்றோர்க்குள்ளே பகிர்ந்தளிக்கும் முறையை 1860களில் அவர் புகுத்தினார். பிரான்சிய அரசு 1891ஆம் ஆண்டுச் சட்டத்தால் அம்முறைக்கு இடங்கொடுத்தது. கணக்கைத் தானே செய்யும் பெரும் பொறியை யோர்ச்சு யூலியசு என்னும் பொறியியலர் ஆக்கினார். அது 1913இல் நியூசிலாந்தின் ஓக்லந்து நகர் எல்லர்சிலித் திடலில் நிறுவப்பட்டது. டோட்டலைசேற்றர் என வழங்குவது அதுவே. பிரித்தானியப் பாராளுமன்றம் 1928இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றி ஒரு சபையையும் அமைத்தது. பந்தயம் கட்டுவோரிடம் எடுக்கும் பங்கிற் பந்தயத் தொழில் வளம்பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். தனி முகவரான புக்கியிடம் கட்டப்படும் பணத்தில் இலாபம் அவருக்குரியது. பொதுநிதி முறையிலோ புல்லுக்கும் ஒரு பங்கு உண்டு. வேறுபாடு இதுவே.

கிண்டியில் அப்பங்கு எவ்வளவு? உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்ட கணக்கின்படி, டோட்டலைசேற்றரில் சேரும் ஒவ்வொரு 100 ரூபாவிலும் 75 ரூபா வென்றோர்க்குத் திரும்பும். 20 ரூபா அரசின் பந்தய வரி. எஞ்சிய 5 ரூபாவே கழகத்தின் தரகு. புல், நீர், கூலி, மருத்துவம், பரிசு யாவும் அந்த ஐந்து ரூபாவையும், புக்கிகள் செலுத்தும் தொகையையும், சில்லறை வருவாய்களையும் நம்பியிருந்தன. யாதொரு செலவுமின்றி நான்கு மடங்கு பெற்றது அரசு. இதனை மனங்கொள்ளாது பின்வந்த வழக்குகளை விளங்கிக்கொள்ளல் இயலாது.

1974இல் தமிழ்நாட்டு அரசு பந்தயத்தை ஒழிக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. ஏழைக் குடும்பங்களைச் சூது அழிக்கிறது என்பது அதன் நியாயம். அந்நியாயத்தை இலேசாகத் தள்ளிவிடுதல் தகாது. சனிக்கிழமைக் கூலியைத் திடலில் இழந்து வீடு திரும்பியவர் பலர். சட்டம் நீதிமன்றத் தடையால் முடங்க, பந்தயம் தொடர்ந்தது. பன்னிரண்டு ஆண்டு கழிந்து, 1986இல், அதே அரசு கழகத்தின் சொத்தனைத்தையும் தானே எடுத்து நடத்துதற்கு வேறொரு சட்டம் இயற்றிற்று. தீமையென ஒழிக்க முற்பட்ட ஒன்றைத் தன் நிர்வாகத்தில் நடத்த முற்படுதல் எவ்வாறு பொருந்தும்? 1996 சனவரியில் உச்ச நீதிமன்றம் இம்முரணைச் சுட்டிக்காட்டி 1986ஆம் ஆண்டுச் சட்டத்தைச் செல்லாததாக்கிற்று. குதிரைப் பந்தயம் பெரும்பான்மையும் திறமையின்பாற்பட்டது, வெறுஞ் சூதன்று என்பதும் அத்தீர்ப்பின் முடிபு.

இலங்கையர்க்கு இவ்வாறான முடிவுகள் புதியனவல்ல. காலிமுகத் திடலிற் பிறந்து, 1893இற் கறுவாத்தோட்டத்துக்கு இடம்பெயர்ந்த கொழும்புப் பந்தயம், 1956இல் அமைந்த பண்டாரநாயக்கா அரசின் காலத்தில் முடிந்தது. அங்கே வழக்குகள் நீளவில்லை; அரசின் கொள்கை மாறவே திடல் மூடிற்று. நன்கு வடிகாலிட்டுச் சமன்செய்த நிலத்தின் மதிப்பு பந்தயத்தோடு அழிவதில்லை என்பதற்கும் கொழும்பே சான்று. 1942 ஏப்பிரல் 5ஆந் தேதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, எதிர்கொள்ளச் சென்ற போர் விமானங்களுள் ஒரு பகுதி இப்பந்தயத் திடலிலிருந்தே எழுந்தது. குதிரைக்கு ஆயத்தம் செய்த நேர்வழி விமானத்துக்கும் உதவிற்று.

கிண்டியை வீழ்த்தியது கொள்கையன்று, வாடகைச் சீட்டு. திடல் அமைந்த 160 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் அரசுக்குரியது. 1945 முதல் 99 ஆண்டுக்கு அது குத்தகையாக விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாவும் சில்லறையும்; அஃதாவது ஏக்கர் ஒன்றுக்கு 4 ரூபாவுக்கும் குறைவு. நகரம் விரிந்து கிண்டியைச் சூழ்ந்து வேளச்சேரிக்கு அப்பாலும் பரந்தது. நிலத்தின் விலை பன்னூறு மடங்கு ஏறிற்று. வாடகை மட்டும் ஏறவில்லை. கழகத்தின் வரவு செலவேட்டிற் காணப்படாத பெரிய வருமானம் இதுவே. ஐந்து ரூபாத் தரகிற் புற்றரை பிழைத்ததன் மருமமும் இதுவே. 1970 முதல் அரசு வாடகையை உயர்த்தக் கோர, கழகம் குத்தகைப் பத்திரத்தைக் காட்டி மறுத்தது. பத்திரத்தை மட்டும் நோக்கின் கழகத்தின் கட்சியில் நியாயம் உண்டு. ஆனால் பொது நிலத்தை ஒரு சிறு கூட்டத்தார் ஏறத்தாழ இலவசமாக ஆள்வது எவ்வளவு காலம் பொறுக்கப்படும் என்று கழகம் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இதனிடையே வரியும் மாறிற்று. 2017 யூலை முதல் பந்தய வரியின் இடத்தில் நூற்றுக்கு 28 வீதப் பொருள் சேவை வரி வந்தது. கட்டிய தொகை முழுவதற்குமா, கழகத்தின் தரகுக்கு மட்டுமா என்பது வழக்காயிற்று. 2021இற் கருநாடக உயர் நீதிமன்றம் தரகுக்கு மட்டுமே எனத் தீர்த்தது. 2023 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த திருத்தம் முழுத் தொகைக்கும் என உறுதிசெய்தது. நூற்றில் 28 வரியாய்ப் போனால், வென்றோர்க்கு முன்போல் 75ஐத் திருப்பிக் கொடுத்தல் எண்கணிதத்துக்கே ஒவ்வாது. பந்தயம் கட்டுவோன் திடலை விட்டு மறைவான புக்கியை நாடுவான். அப்புக்கி வரியும் கொடான். ஒரு சாண் புல்லையும் பேணான்.

2023 மார்ச்சிற் சென்னை உயர் நீதிமன்றம் 730 கோடி ரூபாவுக்கு மேற்பட்ட வாடகைப் பாக்கியைச் செலுத்துமாறு கழகத்தைப் பணித்தது. 2024 யூனில் உதகமண்டலத்தின் 52 ஏக்கர்த் திடலை அரசு மீட்டது. அதன் குத்தகை 1978இலேயே முடிந்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கிண்டிக் குத்தகையும் முறிக்கப்பட்டு, வாயில்களுக்கு முத்திரையிடப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் இலாயங்களிலும் புற்றரையிலும் உழைத்த குதிரைக்காரரும் தோட்டக் கூலிகளும் அன்று முத்திரைக்கு வெளியே நின்றனர். வழக்கேடுகளிலே கழகத்தின் பெயரும் அரசின் பெயரும் உண்டு. அவர்களுடைய பெயர் இல்லை.

நிலத்தின் பெரும்பகுதியைப் பூங்காவாக்க அரசு எண்ணிற்று. வேளச்சேரிப் பக்கத்து வெள்ளத்தைக் குறைப்பதற்காகத் திடலினுள் நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. மழைநீர் தங்காது வடிய வேண்டுமெனத் தலைமுறைகளாகத் திருத்தப்பட்ட அதே நிலத்தில் அது தங்கத் தொடங்கிற்று.