சென்னை வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகள்

சூரிய மின்தகடு என்பது ஒளிமின்னழுத்தக் கலங்களைத் தொடராக இணைத்து, முன்புறம் கண்ணாடியும் பின்புறம் காப்புத்தாளும் வைத்துப் பொதிந்து, அலுமினியச் சட்டத்தில் பொருத்தப்பட்ட மின் ஆக்கி ஆகும். பேச்சு வழக்கில் இது சோலார் பேனல் எனப்படுகின்றது. சென்னையில் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளில் இவை பெரும்பாலும் வீடுகளின் மொட்டை மாடியில் நிறுவப்படுகின்றன. ஒரே வாட் அளவு குறிக்கப்பட்ட இரு தகடுகள் இப்பகுதிகளில் ஒரே அளவு மின்சாரம் தருவதில்லை. தகட்டின் வகை, மாடியின் வெப்பம், அண்டைக் கட்டடங்களின் நிழல், கடற்காற்று, பொருத்தப்படும் முறை ஆகியவை விளைச்சலைத் தீர்மானிக்கின்றன.

== வரலாறு ==

ஒளிமின்னழுத்த விளைவைப் பிரெஞ்சு இயற்பியலாளர் எட்மண்ட் பெக்கரல் 1839-இல் கண்டறிந்தார். நடைமுறைப் பயன்பாட்டுக்கு உரிய முதல் சிலிக்கான் கலம் 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ 6 விழுக்காடு ஆகும்.

தமிழ்நாட்டில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலை வளர்க்கும் பொருட்டுத் தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை 1985-இல் தொடங்கப்பட்டது. 2012-இல் வெளியான தமிழ்நாடு சூரிய ஆற்றல் கொள்கை, 2015-க்குள் 3000 மெகாவாட் என்னும் இலக்கை அறிவித்தது. அதைத் தொடர்ந்து வீட்டுக் கூரை அமைப்புகளுக்கு நடுவண் அரசின் மானியத்துடன் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் மாநில ஊக்கத்தொகையும் வழங்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக் கொள்கை 2023-க்குள் 9000 மெகாவாட் என்று இலக்கை உயர்த்தியது. அதில் 40 விழுக்காடு நுகர்வோர் தரப்பில் அமைய வேண்டும் என்றும் கூறியது.

பிரதமர் சூரிய வீடு திட்டம் 2024 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. இதன்படி முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் உண்டு. 3 கிலோவாட்டுக்கு மேற்பட்ட வீட்டு அமைப்புகளுக்கு உச்ச வரம்பு 78,000 ரூபாய் ஆகும்.

== அளவீடு ==

தகட்டின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் வாட் அளவு, தர ஆய்வு நிலையில் அளக்கப்பட்டது. சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும், 25 பாகை செல்சியசு கல வெப்பநிலையும் அந்நிலையின் அடிப்படைகள் ஆகும். சென்னை வெயிலில் காய்ந்து கொண்டிருக்கும் ஒரு தகடு நண்பகலில் 25 பாகையில் இருப்பதில்லை. ஆதலால் வாட் அளவு தகடுகளை ஒப்பிட உதவும் ஒரு பொது அளவுகோலே அன்றி, மாடியில் கிடைக்கும் மின்சாரத்தின் அளவு அன்று.

நடைமுறையில், நிழல் படாத 1 கிலோவாட் அமைப்பு சென்னையில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் தருகின்றது. கோடையில் இது கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் திசம்பர் வரை குறையும்.

== வகைகள் ==

* பல்படிக சிலிக்கான்: உருக்கிய சிலிக்கானை வார்ப்பில் உறைய வைத்துச் செய்யப்படுவது. நீல நிறமும் சில்லு சில்லான தோற்றமும் உடையது. 2010-களில் பரவலாகப் பொருத்தப்பட்டது. இப்போது புதிய வீட்டு அமைப்புகளில் அருகி வருகின்றது.
* ஒற்றைப்படிக பெர்க்: ஒரே படிகமாக வளர்த்த சிலிக்கானால் ஆனது. கலத்தின் பின்புறம் இடப்படும் மின்கடவாப் படலம், கலத்தைக் கடந்து செல்லும் ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றது. கருநிறம் கொண்டது.
* டாப்கான்: என்-வகை சிலிக்கானில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் இட்டுச் செய்யப்படுவது. பெர்க் தகடுகளில் பெரும்பாலும் பயன்படும் பி-வகை சிலிக்கான், முதன்முதலாக வெயில் பட்டவுடன் சிறிது திறனை இழக்கும். போரானும் ஆக்சிசனும் சேர்வதால் நேரும் இவ்விழப்பு என்-வகையில் ஏறக்குறைய இல்லை.
* எச்.ஜே.டி.: படிகச் சிலிக்கானின் இரு பக்கமும் படிகமற்ற சிலிக்கான் படலம் பூசப்படுவது. வெப்பத்தைச் சிறப்பாகத் தாங்கும். விலை கூடுதல்.
* மென்படலத் தகடு: காட்மியம் டெலூரைடு போன்ற சேர்மங்களைக் கண்ணாடியின் மீது படியச் செய்து ஆக்கப்படுவது. இவ்வகைத் தகடுகளைச் செய்யும் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனத்தின் தொழிற்சாலை சென்னைக்கு அருகே 2024 சனவரியில் திறக்கப்பட்டது. இவை பெரும்பாலும் பெரிய மின் நிலையங்களுக்கே செல்கின்றன.

== ஒப்பீடு ==

கீழுள்ள அட்டவணையில் சந்தையில் காணப்படும் பொதுவான அளவுகள் தரப்பட்டுள்ளன. பரப்பு என்பது தகட்டின் பரப்பு மட்டுமே ஆகும். நடைபாதை, இடைவெளி ஆகியவற்றையும் சேர்த்தால் கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி தேவை.

| வகை | திறன் (விழுக்காடு) | 1 கிலோவாட்டுக்குப் பரப்பு (சதுர அடி) | ஒரு பாகை வெப்ப உயர்வுக்கு இழப்பு (விழுக்காடு) |
|---|---|---|---|
| பல்படிகம் | 16 – 17.5 | 61 – 67 | சுமார் 0.40 |
| பெர்க் | 19.5 – 21 | 51 – 55 | சுமார் 0.35 |
| டாப்கான் | 21.5 – 23 | 47 – 50 | சுமார் 0.30 |
| எச்.ஜே.டி. | 22 – 23.5 | 46 – 49 | சுமார் 0.26 |
| காட்மியம் டெலூரைடு | 17 – 19.5 | 55 – 63 | சுமார் 0.30 |

திறன் கூடிய தகடு அதே வெயிலில் கூடுதல் மின்சாரம் தரும் என்பது பொதுவான தவறான கருத்து. 3 கிலோவாட் பல்படிகமும் 3 கிலோவாட் டாப்கானும் தர ஆய்வு நிலையில் ஒரே அளவு மின்சாரமே தரும். திறன் கூடும்போது குறைவது அதற்கு வேண்டிய இடம். எனவே விசாலமான மாடி உள்ள தனி வீட்டில் திறனுக்குத் தரப்படும் கூடுதல் விலையின் பயன் சிறிது. தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, துணி காயும் கொடி ஆகியவை போக 300 சதுர அடியே எஞ்சும் மாடியில் அதன் பயன் பெரிது.

== சென்னைச் சூழல் ==

=== வெப்பம் ===

காற்றின் வெப்பநிலை 38 பாகையாக இருக்கும் நண்பகலில், முழு வெயிலில் உள்ள கலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 69 பாகை வரை செல்லும். இது தர ஆய்வு நிலையைக் காட்டிலும் 44 பாகை கூடுதல். அப்போது பல்படிகத் தகடு தன் வாட் அளவில் 17.6 விழுக்காட்டையும், பெர்க் 15.4 விழுக்காட்டையும், டாப்கான் 13.2 விழுக்காட்டையும், எச்.ஜே.டி. 11.4 விழுக்காட்டையும் இழக்கும். 3 கிலோவாட் அமைப்பில் பெர்க்குக்கும் டாப்கானுக்கும் உள்ள வேறுபாடு 66 வாட், அதாவது ஒரு மின்விசிறி ஓடும் அளவு ஆகும். வெப்பம் குறைந்த நேரங்களில் இவ்வேறுபாடு இன்னும் சிறிது.

தகட்டைத் தளத்தை ஒட்டிப் பொருத்தாமல் உயர்த்திப் பொருத்தினால் அடியில் காற்றோட்டம் கிடைத்து வெப்பம் தணியும்.

=== நிழல் ===

தகட்டிலுள்ள கலங்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு கலத்தின் மீது விழும் நிழல் மற்றக் கலங்களையும் பாதிக்கும். இதைக் குறைக்க ஒவ்வொரு தகட்டிலும் பொதுவாக மூன்று பைபாஸ் டயோடுகள் உள்ளன. நிழல் பட்ட மூன்றிலொரு பகுதியை அவை சுற்றிலிருந்து விலக்கிவிடும். 6 தகடுகள் கொண்ட அமைப்பில் ஒரு தகட்டின் மூன்றிலொரு பகுதி விலகினால் இழப்பு 5.6 விழுக்காடு ஆகும். மேலே கூறிய பெர்க், டாப்கான் வேறுபாட்டை விட இது இரு மடங்குக்கும் கூடுதல். தொட்டியின் நிழலில் வைக்கப்பட்ட உயர்ந்த வகைத் தகடு, வெயிலில் உள்ள எளிய வகைத் தகட்டை விடக் குறைவாகவே தரும்.

அரைக்கலத் தகடுகளில் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் இணையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒரு பாதியில் நிழல் விழுந்தாலும் மறு பாதி தொடர்ந்து இயங்கும். நாளின் பெரும்பகுதி நிழல் விழும் மாடிகளில் தகட்டுக்கு ஒன்றாகப் பொருத்தப்படும் நுண் இன்வெர்ட்டர்கள் பயன்படுத்தப்படுகின்றன.

திசம்பர் இறுதியில் சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 54 பாகை உயரத்தில் தெற்கே இருக்கும். அப்போது 2 மீட்டர் உயரத் தொட்டியின் நிழல் வடக்கு நோக்கி 1.5 மீட்டர் நீளும். காலையிலும் மாலையிலும் அது பல மீட்டர் நீளும். எனவே தொட்டி மாடியின் வடபுறம் இருப்பதே நல்லது. தியாகராய நகரில் உயர்ந்த வணிகக் கட்டடங்களும், அடையாற்றில் மரங்களும், மயிலாப்பூரில் ஒட்டி நிற்கும் கட்டடங்களும் நிழலுக்குக் காரணங்களாகும். தென்புறத்து மனையில் உள்ள பழைய வீடு இடிக்கப்பட்டு அடுக்ககம் எழுந்தால், 25 ஆண்டுகளுக்கு எனத் திட்டமிட்ட அமைப்பின் விளைச்சல் நிலையாகக் குறைந்துவிடும். தென்னை மரத்தின் கீழ் வரும் தகட்டுக்கு நிழலோடு காய் விழும் இடரும் உண்டு.

=== சாய்வும் திசையும் ===

சென்னை வட அகலாங்கு 13 பாகையில் உள்ளது. தகடுகள் தெற்கு நோக்கி 10 முதல் 15 பாகைச் சாய்வில் பொருத்தப்படுகின்றன. ஏப்ரல் இறுதி முதல் ஆகத்து நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே செல்வதால், சாய்வைக் கூட்டுவதால் நன்மை இல்லை. கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய சிறு சாய்வும் ஏற்கத்தக்கதே. அறவே சாய்வின்றி வைத்தால் மழைநீர் வடியாமல் கீழ் விளிம்பில் அழுக்குத் தேங்கும்.

=== கடற்காற்றும் தூசியும் ===

மயிலாப்பூரும் அடையாறும் கடலை ஒட்டியவை. உப்புக் காற்றில் சட்டமும் இணைப்புகளும் அரிக்கப்படும். உப்பு மூடுபனி ஆய்வுக்கான பன்னாட்டுத் தரம் ஐ.இ.சி. 61701 ஆகும். தகட்டை விடத் தாங்கு சட்டமே முதலில் துருப்பிடிக்கும் என்பதால், சூடான துத்தநாகக் குளியலில் பூச்சிட்ட இரும்பு அல்லது அலுமினியம், துருவேறா எஃகு மரைகள் ஆகியவை பயன்படுத்தப்படுகின்றன.

சாலைத் தூசி, காக்கை எச்சம், போகிப் புகை ஆகியவை தகட்டின் மீது படிகின்றன. உப்புத்தன்மை மிக்க ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவிக் காயவிட்டால் வெண்படிவு தங்கும். காலையில், தகடு சூடேறும் முன், மென்னீரால் கழுவுவது வழக்கம்.

=== புயல் ===

2016 திசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. இந்தியத் தரம் ஐ.எசு. 875 சென்னைக்கு வகுத்துள்ள அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் ஆகும். அவ்வேகத்தில் காற்றழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1500 நியூட்டன். 2.6 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பெரிய தகட்டின் மீது இது சுமார் 400 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையாகும். தகட்டின் எடையோ 28 கிலோகிராம் அளவே. எனவே தளத்தின் மீது வெறும் கற்பாளங்களைச் சுமையாக வைத்து நிறுத்தும் முறைக்குத் தனியாகக் கணக்கிடுதல் வேண்டும். தளத்தைத் துளையிட்டு நங்கூரமிட்டால், மழைநீர் கசியாதபடி துளையைச் சுற்றிக் காப்பிடல் இன்றியமையாதது.

== மின் கட்டணமும் பயனும் ==

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரு மாதங்களுக்கு ஒரு முறை கணக்கிடப்படுகின்றது. முதல் 100 அலகுகள் கட்டணமில்லை. அதன் மேல் பயன்பாடு கூடக் கூட வீதமும் ஏறும். இதனால் சூரிய மின்சாரத்தின் மதிப்பு வீட்டுக்கு வீடு வேறுபடுகின்றது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த வீதங்களின்படி, 700 அலகு பயன்படுத்தும் வீட்டின் கட்டணம் 3650 ரூபாய். அவ்வீட்டில் 2 கிலோவாட் அமைப்பு இரு மாதங்களில் 480 அலகு தந்தால், நிகரப் பயன்பாடு 220 அலகாகிக் கட்டணம் 315 ரூபாயாகக் குறையும். மிச்சம் 3335 ரூபாய். அதே காலத்தில் 300 அலகு மட்டும் பயன்படுத்தும் வீட்டின் கட்டணம் 675 ரூபாயே. அங்கு அதே அமைப்பு எவ்வளவு உற்பத்தி செய்தாலும் அந்தப் பட்டியலில் மிச்சமாவது 675 ரூபாயைத் தாண்டாது. வீதங்கள் பின்னர் உயர்த்தப்பட்டாலும் இப்படிநிலை முறை தொடர்கின்றது.

வீட்டு இணைப்புகளுக்கு நிகர அளவீட்டு முறை உண்டு. வீட்டில் செலவாகாத மின்சாரம் வலையமைப்புக்குச் சென்று கணக்கில் வரவு வைக்கப்படும். 2024-இல் திருத்தப்பட்ட நடுவண் அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையுள்ள அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை.

== மின்தடையின்போது ==

வலையமைப்புடன் இணைந்த இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டவுடன் தானாக நின்றுவிடும். கம்பியில் பணிபுரியும் ஊழியர்களின் பாதுகாப்புக் கருதி இவ்வாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. புயலுக்குப் பின் வெயில் அடித்தாலும், மின்கலம் இல்லாத அமைப்பிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் கிடைக்காது. மின்தடைக் காப்பு வேண்டுவோர் மின்கலத்துடன் கூடிய கலப்பு இன்வெர்ட்டரைப் பயன்படுத்துகின்றனர். இதனால் செலவு கூடும்.

== அடுக்ககங்கள் ==

அடுக்ககங்களில் மொட்டை மாடி பொதுவாக எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானது. ஒருவர் தம் இணைப்புக்கெனத் தகடுகளை நிறுவ மற்றவர்களின் இசைவு தேவைப்படும். மாற்றாக, மின்தூக்கி, நீரேற்றி, பொது விளக்குகள் ஆகியவற்றின் இணைப்புக்காகச் சங்கம் நிறுவலாம். குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்கு 2024-ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு.

== சான்றுகளும் உத்தரவாதமும் ==

வடிவமைப்புத் தரத்துக்கு ஐ.இ.சி. 61215, பாதுகாப்புக்கு ஐ.இ.சி. 61730 ஆகியவை பன்னாட்டுத் தரங்களாகும். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் மானியம் பெற, தகடும் அதிலுள்ள கலமும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

உத்தரவாதம் இரு வகைப்படும். உற்பத்திக் குறைகளுக்கான பொருள் உத்தரவாதம் பொதுவாக 10 முதல் 12 ஆண்டுகள். வெளியீட்டு உத்தரவாதம், 25 ஆண்டுகளின் முடிவில் வாட் அளவில் ஏறத்தாழ 80 விழுக்காடு எஞ்சும் என உறுதியளிக்கின்றது. டாப்கான் தகடுகளுக்கு இது பல நிறுவனங்களால் 30 ஆண்டுகள் வரை தரப்படுகின்றது. நிழல், தவறான பொருத்துதல், புயற்சேதம் ஆகியவை இவற்றில் அடங்கா.

== இவற்றையும் பார்க்க ==

* சூரிய ஆற்றல்
* ஒளிமின்னழுத்தக் கலம்
* தமிழ்நாடு எரிசக்தி மேம்பாட்டு முகமை
* வர்தா புயல்