காஞ்சித் தறி காட்டும் நடுவழி

உழைப்பவருக்கே உரிமை என்கிறது சமதர்மம். தனியுடைமையும் சந்தையும் இன்றி முன்னேற்றமில்லை என்கிறது முதலாளித்துவம். இரண்டிலும் உள்ள நல்லதை எடுத்துக்கொண்டு ஒரு சமூகம் வாழ முடியுமா? பட்டுக்குப் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு விடை உண்டு.

1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடையொன்றைத் தொடங்கினர. அந்த இயக்கம் 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இந்தியாவில் வேரூன்றியது. அவ்வாண்டு அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது காஞ்சிபுரத்தில்தான். அச்சட்டம் கடன் சங்கங்களை மட்டுமே ஏற்றது. உற்பத்தி, விற்பனைச் சங்கங்களுக்கு 1912ஆம் ஆண்டுச் சட்டம் வழி திறந்தது. பின்னர் காஞ்சியில் பட்டு நெசவாளர் சங்கங்கள் பல எழுந்தன. அவற்றுள் ஒன்று, இவ்வூரில் 1909இல் பிறந்த அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கியது.

இவற்றின் தேவை என்ன? கர்நாடகப் பட்டு நூலையும் சூரத்து ஜரிகையையும் வாங்க ஏழை நெசவாளரிடம் முதல் இல்லை. நூலோடு முன்பணமும் தந்த முதலாளியிடம் அவர் கடன்பட்டார். அக்கடனுக்காகப் பிள்ளைகளும் தறியில் அமர்த்தப்பட்ட அவலம் 1990களிலும் நீடித்தது. சங்கத்திலோ நெசவாளரே பங்குதாரர். நூலும் ஜரிகையும் சங்கம் தரும். அவர் தம் வீட்டுத் தறியில் நெய்து கூலி பெறுவார். சேலை சந்தையில் விற்கும். இலாபத்தில் அவருக்கும் பங்குண்டு. பங்கு எத்தனை இருப்பினும் வாக்கு ஒன்றே.

மார்க்கம் வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்தது. செல்வம் செல்வந்தரிடையே மட்டும் சுற்றிவரலாகாது என்றும் அறிவுறுத்துகிறது. ஒருவர் முதலிட, மற்றவர் உழைக்க, இலாபத்தை இருவரும் பகிரும் முளாரபா நமக்குப் புதிதன்று. ஆகவே கூட்டுறவிலும் வட்டிக்கடனை விலக்கி, இலாபப் பங்கீட்டையே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சங்கங்களுக்கும் குறைகள் உண்டு. அரசுத் தள்ளுபடியை எதிர்பார்த்திருத்தல், விற்காத இருப்பு, விசைத்தறிப் போலிகளின் போட்டி ஆகியவை அவற்றைத் தளர்த்துகின்றன. உறுப்பினர் கணக்குக் கேட்கத் தவறினால் சங்கமும் இன்னொரு முதலாளியாகிவிடும்.

நம்மிடமும் கடைகள் உண்டு; தோல் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே உழைப்போர் கூலியோடு நிற்கிறார்களா, இலாபத்திலும் பங்கு பெறுகிறார்களா? அடுத்த ஆண்டுக் கணக்கை முடிக்குமுன் இக்கேள்விக்கு நாம் விடை காண வேண்டும்.