ஊசி போட்டவருக்கும் தொற்றுகிறது. அப்படியென்றால் ஊசி எதற்கு? கொரோனாத் திரிபுகள் பற்றிய ஒரு விளக்கம்

"இரண்டு ஊசியும் போட்டவருக்கே கொரோனா வந்துவிட்டது. பிறகு எதற்கு ஊசி?" கொரோனாக் காலத்தில் பலரும் கேட்ட கேள்வி இது. இந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஊசி போட்டவருக்குத் தொற்றுமா? அவர் மற்றவர்களுக்குப் பரப்புவாரா? அவருக்கு நோய் கடுமையாகுமா? மூன்றுக்கும் விடை ஒன்றல்ல. திரிபுக்குத் திரிபு அது மாறியும் வந்திருக்கிறது.

அல்பாவிலிருந்து டெல்டாவுக்கு

2020 செப்டெம்பரில் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் முதலில் கண்டறியப்பட்ட அல்பா திரிபு, அதற்கு முந்தைய வைரஸை விடச் சுமார் 50 வீதம் வேகமாகப் பரவியது. இந்தியாவில் கண்டறியப்பட்ட டெல்டா, அல்பாவையும் மிஞ்சியது. 2021 ஜூனில் கொழும்பு தெமட்டகொடையில் டெல்டா தொற்றாளர்கள் அடையாளம் காணப்பட்டனர். ஓகஸ்ட் 20 ஆம் திகதி தொடங்கிய நாடளாவிய முடக்கம் ஒக்டோபர் 1 ஆம் திகதி வரை நீடித்தது.

இங்கிலாந்தில் தொற்றாளர்களுடன் பழகியவர்களை ஆராய்ந்த ஆய்வொன்று இந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டியது. அல்பா தொற்றியவர் இரண்டு பைசர் ஊசிகள் போட்டிருந்தால், அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும் வாய்ப்பு 68 வீதம் குறைந்தது. அஸ்ட்ராசெனகா என்றால் 52 வீதம். டெல்டாவில் இவை முறையே 50 வீதமாகவும் 24 வீதமாகவும் வீழ்ந்தன. அஸ்ட்ராசெனகாவின் இரண்டாவது ஊசி போட்டு 12 வாரங்களானபோது, டெல்டாவைப் பரப்புவதில் ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ மறைந்திருந்தது.

ஆனாலும் தொற்றிக்கொள்வதில் வேறுபாடு இருந்தது. பிரித்தானியாவில் டெல்டா தொற்றாளர்களின் வீடுகளில் நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வில், ஊசி போட்ட வீட்டாரில் 25 வீதமானோருக்கும், போடாதவர்களில் 38 வீதமானோருக்கும் தொற்று ஏற்பட்டது. ஊசி போட்டவர்களின் உடலில் வைரஸின் உச்ச அளவு மற்றவர்களைப் போலவே இருந்தாலும், அது விரைவாகக் குறைந்தது.

எண்ணிக்கை தரும் மயக்கம்

2021 ஜூலையில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் புரொவின்ஸ்டவுன் என்ற கரையோர நகரில் மக்கள் திரண்ட நிகழ்வுகளையடுத்து, அம்மாநிலத்தவர் 469 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 346 பேர் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள். "பார்த்தீர்களா, ஊசி பயனற்றது" என்று பலர் இதை எடுத்துக்காட்டினர்.

கணக்கு வேறு. ஓர் ஊரில் 100 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 90 பேர் ஊசி போட்டவர்கள். 10 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 18 பேருக்கும் போடாதவர்களில் 5 பேருக்கும் தொற்றினால், தொற்றாளர்களில் பெரும்பாலானோர் ஊசி போட்டவர்களே. ஆனால் போட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும், போடாதவர்களில் இருவரில் ஒருவருக்கும் நோய் தொற்றியிருக்கிறது. எத்தனை பேர் என்பதோடு, எத்தனை பேரில் என்பதையும் கேட்க வேண்டும். புரொவின்ஸ்டவுன் தொற்றாளர்களில் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்கள் 5 பேர் மட்டுமே. உயிரிழப்பு எதுவும் பதிவாகவில்லை.

ஒமிக்ரோன் செய்தது

2021 நவம்பர் 26 ஆம் திகதி உலக சுகாதார ஸ்தாபனம் ஒமிக்ரோனைக் கவலைக்குரிய திரிபாக அறிவித்தது. அதன்பின் டென்மார்க்கில் ஏறத்தாழ 12,000 வீடுகளின் தரவுகள் ஆராயப்பட்டன. ஊசி போடாதவர்களைப் பொறுத்தவரை டெல்டாவுக்கும் ஒமிக்ரோனுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இரண்டு ஊசிகள் போட்டவர்களுக்கு, டெல்டாவை விட ஒமிக்ரோன் தொற்றும் சாத்தியம் இரண்டரை மடங்குக்கும் மேலாக இருந்தது.

ஒமிக்ரோன் பரவியதற்கு வேகம் மட்டுமே காரணமல்ல. வைரஸின் மேற்பரப்பிலுள்ள முள் போன்ற புரதத்தில் பல மாற்றங்கள் ஏற்பட்டதால், ஊசியினால் உருவான பிறபொருளெதிரிகள் அதைச் சரிவர அடையாளம் காணவில்லை. அப்படியிருந்தும், ஊசி போடாதவர்களுக்கே தொற்றும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது என அதே ஆய்வு கூறியது.

நிலைத்து நின்ற பாதுகாப்பு

தொற்றைத் தடுப்பதில் ஊசி பலவீனப்பட்டாலும், உயிரைக் காப்பதில் அதன் பயன் பெரிதும் நிலைத்தது. 2022 இன் தொடக்கத்தில் ஹொங்கொங்கை ஒமிக்ரோன் தாக்கியபோது, இறந்தவர்களில் பெரும்பாலானோர் ஊசி போடாத முதியவர்கள். அங்கு 60 வயதுக்கு மேற்பட்டோரில், இரண்டு சினோவக் ஊசிகள் கடும் நோயிலிருந்தும் மரணத்திலிருந்தும் சுமார் 70 வீதம் பாதுகாப்பளித்தன. மூன்றாவது ஊசியுடன் அது ஏறத்தாழ 98 வீதமாக உயர்ந்தது.

இலங்கையில் பெரும்பாலானோருக்கு வழங்கப்பட்ட சினோபாமும், சினோவக்கைப் போலச் செயலிழக்கச் செய்யப்பட்ட வைரஸைக் கொண்டு தயாரிக்கப்பட்டதே. மூன்றாவது ஊசி முதியவர்களுக்கு ஏன் முக்கியம் என்பதை ஹொங்கொங் அனுபவம் உணர்த்துகிறது.

ஊசி போட்டவர் தனக்குத் தொற்றாது என்று எண்ணி, காய்ச்சல், இருமலோடு வீட்டிலுள்ள வயதானவர்களை நெருங்குவது ஆபத்து. முகக்கவசம், திறந்த யன்னல், சில நாள் ஒதுங்கியிருத்தல் ஆகியன அவருக்கும் பொருந்தும். அம்மம்மாவுக்கு ஊசி போடுவிப்பது அவரது உயிரைக் காக்கும் வழி. நாம் ஊசி போட்டிருக்கிறோம் என்பது மட்டும் அவருக்கு முழுமையான வேலியாகாது.