சமூக வலைத்தளங்களும் நேர்க்கூடலும்

முகநூல், வாட்ஸ்அப் போன்ற தளங்களில் உருவாகும் தொடர்புகள் மக்களை ஓரிடத்தில் நேரில் திரட்டுவதும், அத்திரட்சியில் நட்பு வளர்வதும் இத்தலைப்பில் அடங்கும். நெருங்கிய நண்பர்களைவிடத் தொலைவான அறிமுகங்களே புதிய செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் விளக்கினார். வலைத்தளங்கள் இத்தகைய அறிமுகங்களைப் பெருக்குகின்றன.

தமிழ்நாட்டில்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் உதவி வேண்டியோரும் தன்னார்வலர்களும் இணையம்வழி இணைந்தனர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுத் தடையை எதிர்த்துச் சென்னை மெரினா கடற்கரையில் இளைஞர்கள் கூடியதற்கும் வலைத்தள அழைப்புகள் துணைநின்றன.

வேதாரண்யத்தில்: கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மின்சாரமும் அலைபேசிச் சேவையும் துண்டிக்கப்பட்டதால் பாதிக்கப்பட்டோரின் குரல் இணையத்தை எட்டத் தாமதமானது. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்தோர் குழுக்கள் அமைத்து அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி ஆகியவற்றைத் திரட்டினர். அவற்றை எந்தத் தெருவில் யாரிடம் சேர்ப்பது என்பதற்கு உள்ளூர்ப் பழக்கமே வழிகாட்டியது.

முன்னோடி: வலைத்தளங்கள் இல்லாத காலத்திலும் வேதாரண்யம் பெரும் திரட்சியைக் கண்டது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட உப்புச் சத்தியாகிரகிகள் ஏப்ரல் 28இல் வேதாரண்யத்தை அடைந்தனர். ஆங்கிலேய அரசு மிரட்டியும் வழியெங்கும் மக்கள் உணவளித்தனர். வேதாரண்யத்தில் உள்ளூர்த் தலைவர் வேதரத்தினம் பிள்ளை உறுதுணையாக நின்றார். அத்திரட்சிக்கு அடித்தளம் நேர்ப்பழக்கம்.

வரம்புகள்: வலைத்தளம் ஆட்களை விரைவாகச் சேர்க்கும், வதந்தியையும் அதே விரைவில் பரப்பும். நோக்கம் நிறைவேறியதும் குழு ஓய்ந்துவிடலாம். சேர்ந்து வேலை செய்தோரிடையே தொடரும் சந்திப்புகளே அறிமுகத்தை நட்பாக்குகின்றன.