ஊர்வலமும் கட்டங்களும்: அனிமேஷன் படம் மாங்காவாகும்போது

திரையில் ஓடி முடிந்த ஓர் அனிமேஷன் படத்தை அச்சுக்குக் கொண்டுவர ஜப்பானியப் பதிப்பாளர்கள் இரண்டு வழிகளைக் கையாண்டிருக்கிறார்கள். படத்திலிருந்தே காட்சிகளை எடுத்து, பக்கத்தில் வரிசைப்படுத்தி, பேச்சுக் குமிழ்களைச் சேர்ப்பது ஒரு வழி. கிப்ளி நிறுவனத்தின் 'மை நெய்பர் டொடோரோ' நான்கு தொகுதிகளாகவும் 'ஸ்பிரிட்டட் அவே' ஐந்து தொகுதிகளாகவும் இப்படித்தான் ஆங்கில வாசகரை அடைந்தன. ஓவியர் ஒருவர் கதை முழுவதையும் மறுபடி வரைவது மற்றொரு வழி. இயக்குநர் மமோரு ஹொசோதாவின் 'வுல்ஃப் சில்ட்ரன்' (2012) படத்தை 'யூ' என்ற பெயரில் எழுதும் ஓவியர் மூன்று தொகுதி மாங்காவாக (ஜப்பானியச் சித்திரக்கதையாக) வரைந்தது இந்த இரண்டாம் வகை. மறுபடி வரைந்ததை மட்டுமே தழுவல் என்று சொல்ல முடியும் என்பதும், ஒரு நூல் குடும்பத்துக்கு உகந்ததாக அமைவதும் இந்தத் தேர்வையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம். இதற்கான முதல் சான்றை டோக்கியோவில் தேட வேண்டியதில்லை. மைசூர் அரண்மனைச் சுவரிலேயே அது இருக்கிறது.

பழைய அரண்மனை 1897-இல் எரிந்தபின் ஹென்றி இர்வினின் திட்டப்படி எழுந்து 1912-இல் நிறைவடைந்தது இன்றைய அம்பா விலாஸ் அரண்மனை. அதன் கல்யாண மண்டபத்துக்குள் வருகிறவர்களில் பெரும்பாலோர் மயில் பொறித்த வண்ணக் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். சுவர்களில் 26 ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றின் முதன்மையான பொருள் தசரா ஊர்வலம். 1930-ஆம் ஆண்டு ஊர்வலத்தின் நிழற்படங்களை முன்வைத்து, 1934 முதல் 1945 வரை ஓவியர்கள் பலர் வரைந்தவை இவை. இடையில், 1940-இல், மைசூர் மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலமானார். அவர் அம்பாரியில் பவனி வந்த ஊர்வலத்தை வரையும் வேலை அதன் பிறகும் ஐந்து ஆண்டுகள் நடந்தது.

நிழற்படங்கள் கையில் இருந்தன. அவற்றையே பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாமே? அப்படிச் செய்யாததன் காரணம், அந்தச் சுவர்களை ஒட்டி மெதுவாக நடந்து பார்த்தால் விளங்குகிறது. நிழற்படக் கருவிக்கு ஒரு நொடி போதும். அந்த நொடியில் யார் முகம் திரும்பியிருந்தது, எந்தக் குதிரை எந்த வீரரை மறைத்தது என்பதெல்லாம் தற்செயல். ஓவியருக்குத் தற்செயல் இல்லை. வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலும் முகங்களைத் தனித்தனியே எழுதியிருக்கிறார். முக்கியம் என்று தோன்றிய இடத்தில் அகலம் கொடுத்திருக்கிறார். அடுத்த ஓவியத்துக்கு நம் கண் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்பதையும் அணிவகுப்பின் திசையே சொல்லிவிடுகிறது. நாம் நடந்தால் ஊர்வலம் நடக்கிறது, நாம் நின்றால் அதுவும் நிற்கிறது. அசைவைச் சுவரில் நிறுத்திவிட்டு அதை இயக்கும் பொறுப்பைப் பார்வையாளரின் கால்களிடம் ஒப்படைத்த இந்த ஏற்பாட்டை, சித்திரக்கதையின் இலக்கணம் என்று தயங்காமல் சொல்வேன்.

இனி 'வுல்ஃப் சில்ட்ரன்'. ஓநாய் மனிதன் ஒருவனைக் காதலித்த ஹனா, அவன் இறந்தபின் யுகி, அமே என்ற இரு குழந்தைகளையும் தனியே வளர்க்கும் பதின்மூன்று ஆண்டுக் கதை. அதில் பள்ளித் தாழ்வாரக் காட்சி ஒன்று உண்டு. கேமரா வகுப்பறைகளுக்கு வெளியே இடமும் வலமுமாக நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் ஓராண்டு கடக்கிறது. தோழிகள் சூழ யுகி, தனித்து நிற்கும் அமே, பிறகு அமே வராத வகுப்பு. திரையில் ஓடினாலும் இது கட்டம் கட்டமாக அமைந்த காட்சிதான். கல்யாண மண்டபத்தில் நடந்தவருக்கு உடனே பிடிபடும். இதை மாங்காவாக்குவது ஓவியருக்குப் பெரிய சிரமமில்லை.

சிரமம் வேறோர் இடத்தில் இருக்கிறது. தாயும் பிள்ளைகளும் பனிச்சரிவில் பாய்ந்து உருளும் காட்சியைத் தகாகி மசகாத்சுவின் இசை தூக்கிச் செல்கிறது. அங்கிருந்து பத்துத் திரைச்சட்டங்களை எடுத்து ஒட்டினால் பத்துப் பொம்மைகள்தான் மிஞ்சும், வேகம் வராது. இசையும் வண்ணமும் இல்லாத கருப்பு வெள்ளைத் தாளில் அந்த மகிழ்ச்சியைக் கொண்டுவர, கோட்டின் விசையையும் வெற்றுத் தாளின் வெண்மையையும் கட்டத்தின் அளவையும் புதிதாகத் தீர்மானித்தாக வேண்டும். மறுபடி வரைவதைத் தவிர இதற்கு வழியில்லை.

குடும்பத்துக்கு உகந்தது என்றால் சாவும் அச்சமும் நீக்கப்பட்டது என்று நம் விளம்பரங்கள் பழக்கியிருக்கின்றன. இந்தக் கதை அப்படிப்பட்டதல்ல. கால்வாயில் ஓநாயின் உடல் கிடக்கிறது. துப்புரவு ஊழியர்கள் அதைப் பையிலிட்டுக் குப்பை வண்டியில் ஏற்றுகிறார்கள். மழையில் ஹனா வண்டியை நோக்கிக் கதறுகிறாள். திரையரங்கில் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது நில்லாமல் வந்து போகும். கேள்வி கேட்க நேரமில்லை, கேட்டாலும் அக்கம்பக்கத்தார் முறைப்பார்கள். பக்கத்தில் அப்படியில்லை. 'அப்பாவை ஏம்மா அந்த வண்டியில போடுறாங்க?' என்று குழந்தை விரலை வைத்துக் கேட்கலாம். தாய் பதில் சொல்லும்வரை கதை காத்திருக்கும். அந்த விரல் தங்கும்படி கட்டத்தை அமைப்பது ஓவியரின் கடமை. திரையின் வேகத்துக்காக அமைந்த சட்டத்தை அப்படியே வெட்டி வைத்தால் குழந்தையின் விரலுக்கு அதில் இடமிருக்காது. தணிக்கைச் சான்றிதழைவிட இந்த அவகாசத்தையே குடும்ப வாசிப்பின் அடிப்படையாகக் கருதுகிறேன்.

காட்சிகளை வெட்டித் தொகுத்த நூல்களைக் குழந்தைகள் விரும்புவது உண்மை. பார்த்த படத்தை நினைவில் மீட்க அவை உதவுகின்றன. ஆனால் படம் பார்க்காத குழந்தைக்கு அந்த நூல் தன் காலில் நிற்குமா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா 1952-இல் டிஸ்னியின் 'பாம்பி'யையும் 'பினோக்கியோ'வையும் மாங்காவாக வரைந்தபோது வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வீடியோ கிடையாது. 'பாம்பி'யை எண்பது முறைக்குமேல் அவர் திரையரங்கில் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது. மனத்தில் தங்கியதைத்தான் கை வரைந்தது.

வெட்டித் தொகுப்பதற்கும் மறுபடி வரைவதற்கும் உள்ள இந்த வேறுபாடு நமக்கு ஏட்டளவிலானதல்ல. யூகோ சாகோவும் ராம் மோகனும் இந்திய-ஜப்பானியக் கூட்டுறவில் உருவாக்கிய 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' 2025 ஜனவரி 24 அன்று தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. அதை நூலாக்க முன்வரும் பதிப்பாளர், எளிதானது என்பதற்காகத் திரைச்சட்டங்களுக்கு மட்டும் உரிமை கேட்கக்கூடும். மறுபடி வரையும் உரிமையையும் சேர்த்துக் கேட்டு, மைசூரின் சாமராஜேந்திர காட்சிக்கலை அகாதமியிலோ சென்னைக் கவின்கலைக் கல்லூரியிலோ பயின்ற ஓர் ஓவியரிடம் இரண்டு மூன்று ஆண்டு அவகாசத்தோடு அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் ஊர்வலத்துக்கு மைசூர் பதினோரு ஆண்டு கொடுத்திருக்கிறது.