மரவிசிறி சொல்லும் வரலாறு



ஆயர் ஈத்தாமில் ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். நடுக்கூடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மரம் மாட்டியிருக்கிறது. இருபுறமும் இறக்கை போல் வளைந்து, நடுவில் துளையோடு இருக்கிறது. "தாத்தா காலத்து விமான விசிறி. முதல் உலகப் போரில் பறந்தது" என்கிறார்கள் வீட்டார். இது உண்மைதானா என்று எப்படி அறிவது?

முதலில் மரத்தைப் பாருங்கள். உண்மையான விமான விசிறி பெரும்பாலும் ஒரே கட்டையில் செய்யப்படுவதில்லை. ஒரே கட்டை வெயிலிலும் மழையிலும் முறுக்கிக்கொள்ளும். ஆகவே மகாகனி, அக்ரூட் போன்ற மரப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டிச் செதுக்கினார்கள். ஓரத்தில் அந்த அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். மழையும் சிறு கற்களும் அரிக்காமல் இருக்க முனையில் பித்தளைத் தகடு அடித்திருப்பதும் உண்டு.

அடுத்தது நடுப்பகுதி. விசிறியின் பிறப்புச் சான்று அங்கேதான் இருக்கிறது. நடுத்துளையைச் சுற்றி, என்ஜினோடு பிணைக்கும் ஆணித்துளைகள் இருக்கும். இரும்புத் தட்டு அழுத்திய தடமும் இருக்கலாம். பிரிட்டிஷ் விசிறிகளில் வரைபட எண், என்ஜின் பெயர், குதிரைத்திறன் ஆகியவற்றை அச்சுக் குத்தியிருப்பார்கள். 'டி' என்ற எழுத்துக்குப் பின்வருவது விசிறியின் விட்டம். 'பி' என்ற எழுத்துக்குப் பின்வருவது, திருகாணி மரத்துக்குள் இறங்குவதுபோல, ஒரு சுற்றுக்கு விசிறி முன்னேறும் கணக்குத் தூரம்.

இனி வீட்டார் சொல்லும் கதைக்கு வருவோம். பேராக், பத்து காஜாவில் தோட்ட முதலாளியாக இருந்த ஆல்மா பேக்கர் 1915-இல் போர் விமானங்களுக்காக நன்கொடை திரட்டத் தொடங்கினார். மலாயாவிலிருந்து 53 விமானங்களுக்குப் பணம் சேர்ந்தது. ஆனால் அவை பிரிட்டிஷ் படைக்குக் கொடுக்கப்பட்டு அந்நியப் போர்க்களங்களுக்குப் போயின. போர் முடிந்து வந்த துரை ஒருவர் நினைவுப் பொருளாக ஒரு விசிறியைக் கொண்டு வந்திருக்கலாம். அப்படியானால் 1918-க்கு முந்திய என்ஜினின் பெயர் அதில் இருக்க வேண்டும்.

அங்கே 'ஜிப்சி' என்று இருந்தால்? அந்த என்ஜின் 1920-களின் இறுதியில்தான் வந்தது. அப்போது முதல் உலகப் போர்க் கதை பொய்த்துவிடும். ஆனாலும் வருந்த வேண்டியதில்லை, நம் ஊர்க் கதை ஒன்று கிடைக்கிறது. 1935-இல் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது. பறக்கும் சங்கங்கள் ஜிப்சி என்ஜின் பூட்டிய 'மோத்' விமானங்களை ஓட்டின. 1937 ஜூன் 28-இல் வியர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு விமானச் சேவையைத் தொடங்கியது. 1941 டிசம்பரில் ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்தது. வெள்ளையர் தீவைவிட்டு வெளியேறினார்கள். எத்தனையோ பொருள்கள் கேட்பாரற்றுக் கிடந்த காலம் அது.

நேயர்களே, இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பளபளப்பாக இருக்கட்டும் என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் பூசுகிறவர்கள் உண்டு. நடுத்துளையைப் பெரிதாக்கிக் கடிகாரம் பொருத்துகிறவர்களும் உண்டு. அந்த ஒரு நாள் வேலையில் எண்கள் அழிந்துவிடும். பிறகு விசிறி வெறும் மரம்தான், எந்தக் கதையையும் மெய்ப்பிக்க முடியாது. ஆகவே ஈரமில்லாத துணியால் தூசியைத் துடையுங்கள். எழுத்துகளை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். படமும் எடுத்து, விற்பதற்கு முன் அருங்காட்சியகத்தாரிடம் காட்டிக் கேளுங்கள்.

நம்மில் பலர் வீட்டில் விமான விசிறி இருக்காது. பாட்டனாரின் பால்வெட்டும் கத்தியோ, பழைய கப்பல் சீட்டோ, தகரப் பெட்டியோ இருக்கலாம். அவற்றுக்கும் இதே முறைதான். பொருளில் உள்ள எழுத்தைக் காப்பாற்றுங்கள். அது யாரிடமிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் இருந்தது என்பதைப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பொருளும் பேச்சும் ஒத்துப்போகும்போது அது வரலாறு ஆகிறது.